சேப்பாக்கமும் ஜமுனாமரத்தூரும்: ஒரு பல்கலைக்கழகத்தின் எல்லை எது?

பல்கலைக்கழகங்களின் வரலாறு பெரும்பாலும் கட்டடங்கள், துணைவேந்தர்கள், பெயர்பெற்ற மாணவர்கள் ஆகியோரைச் சுற்றியே எழுதப்படுகிறது. ஒரு பல்கலைக்கழகத்தின் ஆட்சி எல்லைக்குள் இருந்தும் அதன் வகுப்பறையை எட்டாதவர்களின் பக்கமிருந்து அதே வரலாற்றைப் படித்தால் வேறு சில உண்மைகள் தெரியவருகின்றன. 1857இல் தொடங்கப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் ஜவ்வாது மலை 145 ஆண்டுகள் இருந்தது. 2002இல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் உருவானபோது அந்தப் பொறுப்பு வேலூருக்கு மாறியது. தலைமையிடம் மலையை நெருங்கி வந்த அளவுக்கு மலைக்கும் உயர்கல்விக்கும் இடையிலான தொலைவு குறைந்துவிடவில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் எந்த நோக்கத்துக்காக, எந்த வடிவில் அமைக்கப்பட்டது என்பதைப் பார்த்தால் இதற்கான காரணம் விளங்கும்.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான ஜவ்வாது மலை இன்று திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. திருவண்ணாமலைப் பக்கத்தில் ஜமுனாமரத்தூரும் திருப்பத்தூர்ப் பக்கத்தில் புதூர்நாடும் இதன் முக்கிய ஊர்கள். இங்கு வாழ்வோரில் பெரும்பான்மையினர் தமிழ் பேசும் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்தோடு தொடர்பில்லாத இம்மக்கள் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் மரபுக்கதை. சேலம், தருமபுரி முதலிய மாவட்டங்களின் மலைகளிலும் வாழும் இவர்களே தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் முதலிடம் வகிப்பவர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இவர்களின் தொகை ஏறத்தாழ 3.58 லட்சம். சாமை, புளி, தேன், பலா ஆகியவற்றை நம்பியே ஜவ்வாது மலையின் பொருளாதாரம் நீண்டகாலம் இயங்கிவந்துள்ளது.

தேர்வு நடத்தப் பிறந்த நிறுவனம்

சென்னையில் உயர்கல்விக்கான கோரிக்கை மேலிருந்து மட்டும் வந்ததன்று. 1839 நவம்பரில், அரசு வழக்குரைஞர் ஜார்ஜ் நார்ட்டனின் முன்னெடுப்பில், 70,000 பேர் கையெழுத்திட்ட மனு ஆளுநர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் அளிக்கப்பட்டது. அதன் விளைவாக அமைந்த குழு 1841இல் உயர்நிலைப் பள்ளி ஒன்றைத் திறந்தது. அப்பள்ளியே பின்னர் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது. பல்கலைக்கழகமோ, 1854ஆம் ஆண்டின் சார்லஸ் உட் கல்வி அறிக்கை வெளிவந்த பிறகே சாத்தியமானது. கல்கத்தா, பம்பாய் பல்கலைக்கழகங்களை அடுத்து, 1857 செப்டம்பர் 5 அன்று சென்னைப் பல்கலைக்கழகம் அவ்வாண்டின் 27ஆம் சட்டத்தின்படி நிறுவப்பட்டது.

இம்மூன்றுக்கும் முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டது 1836இல் தோன்றிய லண்டன் பல்கலைக்கழகம். அது அப்போது பாடம் நடத்தவில்லை. தனித்தனியே இயங்கிய கல்லூரிகளின் மாணவர்களுக்குத் தேர்வு வைத்துப் பட்டம் வழங்குவது மட்டுமே அதன் வேலை. ‘இணைவிப்பு’ என்று இன்று வழங்கும் முறையின் வேர் இதுதான்: கற்பிப்பது கல்லூரியின் பொறுப்பு, பாடத்திட்டம் வகுப்பதும் மதிப்பிடுவதும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. குறைந்த செலவில் மிகப் பரந்த நிலப்பரப்பை ஒரே பட்டத்தின்கீழ்க் கொண்டுவர இம்முறை ஏற்றதாக இருந்ததால், காலனி அரசுக்கு அது பிடித்துப்போனதில் வியப்பில்லை.

இம்முறைக்கு ஒரு நற்பயனும் இருந்தது. சென்னைக்கு வெளியே, கடலுக்கு அப்பாலும்கூட, கற்றவர்களுக்கு அது கதவைத் திறந்துவிட்டது. 1858இல் இப்பல்கலைக்கழகத்தின் முதல் இளங்கலைப் பட்டதாரிகளான சி.வை.தாமோதரம் பிள்ளை, விசுவநாத பிள்ளை ஆகிய இருவருமே யாழ்ப்பாணத்தவர்கள். அங்கு அமெரிக்க மிஷனரிகள் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைக் குருமடத்தில் பயின்றவர்கள். தாமோதரம் பிள்ளை பிற்காலத்தில் கலித்தொகை உள்ளிட்ட பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்துத் தமிழ்ப் பதிப்புத் துறையின் முன்னோடிகளில் ஒருவரானார்.

பாக் நீரிணைக்கு அப்பால் இருந்தவர்களுக்குத் திறந்த அதே கதவு, சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில் இருந்த ஜவ்வாது மலையினருக்குத் திறக்காததற்குத் தூரம் காரணமன்று. யாழ்ப்பாணத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உண்டு உறைவிடக் கல்வி வேரூன்றியிருந்தது. மலையில் பள்ளியே இல்லை. தேர்வு மட்டும் நடத்தும் பல்கலைக்கழகம், ஏற்கெனவே கற்பிக்கப்பட்டவர்களை மதிப்பிட முடியுமே தவிர, கற்பிக்கப்படாதவர்களைத் தேடிச் செல்லும் கடமையை ஏற்பதில்லை.

தேர்விலிருந்து ஆய்வுக்கு

ராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1879இல் கட்டி முடிக்கப்பட்ட, பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கத்துப் பேரவை மண்டபம் இந்தோ-சாரசெனிக் கட்டடக் கலையின் சிறந்த எடுத்துக்காட்டுகளில் ஒன்று. எனினும் பல்கலைக்கழகத்தின் அறிவுலகப் பெருமை அந்த மண்டபத்தோடு தொடங்கவில்லை. 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே லண்டன் பல்கலைக்கழகம் கற்பிக்கும் நிறுவனமாக மாறியதைத் தொடர்ந்து, 1904ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டம் இங்கும் பேராசிரியர்களை நியமிக்கவும் ஆய்வை வளர்க்கவும் இடமளித்தது. 1914இல் எஸ்.கிருஷ்ணசாமி ஐயங்கார் இந்திய வரலாறு, தொல்லியல் பேராசிரியரானார். 1915 இறுதியில் கில்பர்ட் ஸ்லேட்டர் இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்தார். 1923ஆம் ஆண்டின் சென்னைப் பல்கலைக்கழகச் சட்டம் நிறுவனத்தை முழுமையாகச் சீரமைத்து, பாடங்களைத் தீர்மானிக்கும் கல்விக்குழுவை ஆட்சிப் பேரவையிலிருந்து பிரித்துத் தனி அமைப்பாக்கியது.

இம்மாற்றத்தின் பொருளைச் சீனிவாச ராமானுஜனின் வாழ்க்கை துல்லியமாகக் காட்டுகிறது. இடைநிலைத் தேர்வான எப்.ஏ.வில் அவர் தேறவில்லை. தேர்வு நடத்தும் பல்கலைக்கழகத்தின் கணக்கில் அவர் ஒரு தோல்வி. 1913இல் அதே பல்கலைக்கழகம் விதியைத் தளர்த்தி, பட்டம் இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கி, தன் முதல் ஆய்வு மாணவராக ஏற்றது. இன்று உலகம் நினைவில் வைத்திருப்பது அந்த இரண்டாவது முடிவை மட்டுமே.

தமிழ்ப் பேரகராதி இதே மாற்றத்தின் மற்றொரு விளைவு. 1913இல் சாண்ட்லர் தலைமையில் பணி தொடங்கி, 1926 முதல் எஸ்.வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராக இருந்து நிறைவேற்ற, 1924க்கும் 1936க்கும் இடையில் ஆறு தொகுதிகளும் 1939இல் பின்னிணைப்பும் வெளிவந்தன. லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட அவ்வகராதி இன்றும் தமிழாய்வின் அடித்தளமாக விளங்குகிறது. 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் துணைவேந்தராக இருந்த ஆற்காடு லட்சுமணசாமி முதலியாரின் காலத்தில் அறிவியல் துறைகள் எழுந்தன. 1952இல் இயற்பியல் பேராசிரியராகப் பொறுப்பேற்ற ஜி.என்.ராமச்சந்திரன், தோலின் முதன்மைப் புரதமான கொலாஜனுக்கு மூன்றிழைச் சுருள் அமைப்பு உண்டென்பதை 1954இல் முன்வைத்தார். புரதங்களின் வடிவத்தைச் சரிபார்க்க உலகமெங்கும் பயன்படும் ‘ராமச்சந்திரன் வரைபடம்’ 1963இல் கிண்டி வளாகத்திலிருந்து வெளிவந்தது. ஜவ்வாது மலையடிவாரத்து வாணியம்பாடியும் ஆம்பூரும் தலைமுறைகளாகக் கையாண்டுவந்த தோலின் உள்ளமைப்பை விளக்கியது சென்னையின் ஒரு பொதுப் பல்கலைக்கழகம் என்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் அரசுப் பணத்தில் நடந்த அடிப்படை ஆய்வால்தான் அது முடிந்தது.

தூசி இடம்பெற்றது, மலை இடம்பெறவில்லை

நகரப் பல்கலைக்கழகம் ஒன்று தன் நிலப்பரப்பை எவ்வாறு அறிந்துகொள்கிறது என்பதற்கு ஸ்லேட்டரின் பணி சிறந்த சான்று. பொருளியல் மாணவர்கள் தங்கள் சொந்த ஊர்களுக்குச் சென்று நிலவுடைமை, கூலி, கடன், உணவு, மக்கள்தொகை பற்றிய விவரங்களைத் திரட்டும் முறையை அவர் உருவாக்கினார். அவ்வாறு தொகுக்கப்பட்டு 1918இல் வெளிவந்த நூலில், இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தின் தூசியோடு, பிற மாவட்டங்களின் இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி முதலிய ஊர்களும் இடம்பெற்றன. 1930களில் பி.ஜே.தாமஸும் கே.சி.ராமகிருஷ்ணனும் அவ்வூர்களை மறு ஆய்வு செய்தார்கள். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் 1980களில் தூசிக்கு மீண்டும் சென்றது. ஒரே கிராமத்தைப் பல தலைமுறைகளாகத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் இந்திய அளவிலும் குறைவு.

தூசி இருந்த அதே வட ஆற்காடு மாவட்டத்தில்தான் ஜவ்வாது மலையும் இருந்தது. நூலில் தூசி உண்டு, மலை இல்லை. மாணவரின் சொந்த ஊரே ஆய்வுக்களம் என்று வகுக்கப்பட்ட முறையில், மாணவரை அனுப்பாத ஊர் ஆய்வுக்குள் வர வழியில்லை. எந்த ஊரின் பிள்ளைகள் வகுப்பறையில் அமர்கிறார்களோ அந்த ஊரின் நிலமும் கடனும் கூலியும் பல்கலைக்கழகத்தின் கண்ணுக்குத் தெரிகின்றன. மற்ற ஊர்கள் அரசின் கோப்புகளிலும் வெளியாள் எழுதிய வருணனைகளிலும் மட்டுமே தென்படுகின்றன. ஆகவே மாணவர் சேர்க்கையைச் சமூக நீதி பற்றிய பிரச்சினையாக மட்டும் பார்ப்பது போதாது; பல்கலைக்கழகத்துக்கு எது தெரியும், எது தெரியாது என்பதையும் அதுவே முடிவுசெய்கிறது.

இந்த அறியாமைக்கு விலை உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டச் சென்றதாகக் கூறப்பட்டு 20 தமிழகத் தொழிலாளர்கள் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அவர்களில் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். மலையின் இளைஞர்கள் எந்த மாதங்களில், எந்த இடைத்தரகர் வழியே, எவ்வளவு முன்பணத்துக்கு வெளியேறுகிறார்கள் என்பதைப் பல தலைமுறைகளாகப் பதிவுசெய்த ஆய்வு, தூசிக்கு இருப்பதுபோல் மலைக்கும் இருந்திருந்தால், அந்த இடப்பெயர்வைப் பற்றிய பேச்சு காவல்துறை அறிக்கைகளுடன் நின்றிருக்காது.

எல்லைகள் பிரிந்த கதை

தென்னிந்தியாவின் பெரும்பகுதியை ஆண்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் எல்லை 20ஆம் நூற்றாண்டு முழுவதும் சுருங்கிக்கொண்டே வந்தது. 1916இல் மைசூர், 1926இல் ஆந்திரம், 1929இல் அண்ணாமலை, 1937இல் திருவிதாங்கூர், 1966இல் மதுரை, 1982இல் பாரதியார், பாரதிதாசன், 1997இல் பெரியார் எனப் புதிய பல்கலைக்கழகங்கள் தோன்றின. வட்டாரத்துக்கு ஒன்று என்ற இப்பிரிவினை போதாதென்று துறைக்கு ஒன்று என்ற பிரிவினையும் நிகழ்ந்தது. வேளாண்மை 1971இலும் பொறியியல் 1978இலும் தனிப் பல்கலைக்கழகங்களுக்குச் சென்றன. மருத்துவமும் சட்டமும் பின்தொடர்ந்தன.

இதற்கிடையே மலையைச் சுற்றிக் கல்லூரிகள் எழுந்தன. வேலூரில் ஊரிசுக் கல்லூரி, வாணியம்பாடியில் 1919இல் இஸ்லாமியாக் கல்லூரி, திருப்பத்தூரில் 1951இல் தூய நெஞ்சக் கல்லூரி, திருவண்ணாமலையில் 1966இல் அரசு கலைக் கல்லூரி ஆகியவை சமவெளியில், தொடர்வண்டிப் பாதையையோ நெடுஞ்சாலையையோ ஒட்டி அமைந்தவை. 1918இல் ஐடா ஸ்கடர் பெண்களுக்காகத் தொடங்கிய வேலூர் மருத்துவப் பள்ளி 1942இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்டக் கல்லூரியானது. 2002இல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்ததும் இப்பகுதியின் கலை, அறிவியல் கல்லூரிகள் அதன் கீழ்ச் சென்றன. இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய நான்கு மாவட்டங்கள் அதன் எல்லை. காட்பாடியை அடுத்த சேர்க்காட்டில் அதன் வளாகம் அமைந்துள்ளது.

பிரிவினையால் நன்மை இல்லை என்று கூற இயலாது. சான்றிதழுக்காகவும் தேர்வு முடிவுக்காகவும் சென்னைக்கு அலைந்த மாணவரின் செலவு குறைந்தது. வட்டாரத்தின் கோரிக்கைகள் கேட்கும் தொலைவில் நிர்வாகம் வந்தது. எனினும், இணைவிப்பு என்ற 1857ஆம் ஆண்டின் வடிவமே ஒவ்வொரு பிரிவினையிலும் சிறு அளவில் மீண்டும் உருவாக்கப்பட்டது. தாய்ப் பல்கலைக்கழகம் அறுபது ஆண்டுகளில் கட்டியெழுப்பிய ஆய்வுத் துறைகளும் நூலகங்களும் எல்லையோடு சேர்ந்து பிரிந்து வரவில்லை. தேர்வுத் தாள்களும் இணைவிப்புக் கட்டணமுமே வந்தன. சேப்பாக்கம் 1914இல் தாண்டத் தொடங்கிய கட்டத்தை வட்டாரப் பல்கலைக்கழகங்கள் இன்னும் முழுமையாகத் தாண்டவில்லை.

காவலூர் தரும் சான்று

மலை என்பதாலேயே அங்கு உயர்தர அறிவு நிறுவனம் இயங்க முடியாது என்ற வாதத்தை ஜவ்வாது மலையே பொய்யாக்குகிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் உள்ள காவலூரில், வானியலாளர் வைணு பாப்புவின் முயற்சியால் 1960களின் இறுதியில் தொலைநோக்கிப் பணி தொடங்கியது. 1786இல் எழும்பூரில் தனியார் முயற்சியாகத் தொடங்கி, 1792இல் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிறுவனமாகி, 1899இல் கொடைக்கானலுக்கு மாறிய சென்னை வானாய்வகத்தின் வழித்தோன்றல் இது. 1972இல் நிறுவப்பட்ட ஒரு மீட்டர் தொலைநோக்கி, 1977இல் யுரேனஸ் கோளின் வளையங்களைக் கண்டறிந்த உலகளாவிய பணியில் பங்குபெற்றது. 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்டது. 1988இல் காவலூரிலிருந்து ஆர்.ராஜமோகன் கண்டறிந்த சிறுகோள் ஒன்றுக்கு ராமானுஜன் பெயர் சூட்டப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் ஆய்வு மாணவரின் பெயர் ஜவ்வாது மலையின் வழியே வானத்தில் இடம்பெற்றது.

காவலூருக்கு மின்சாரமும் சாலையும் கருவிகளும் வந்ததற்குக் காரணம், இருண்ட, தெளிந்த வானம் அறிவியலுக்குத் தேவை என்று அரசு முடிவெடுத்து நிதி ஒதுக்கியதுதான். தேவை உணரப்பட்டால் மலையின் உயரமோ தொலைவோ தடையாவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மலையின் வானத்துக்குக் கிடைத்த அந்த முடிவு மலையின் மாணவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே இன்றைய கோரிக்கை.

எண்களும் தடைகளும்

18 முதல் 23 வயதுக்குட்பட்ட மக்கள்தொகையோடு ஒப்பிட்டு, உயர்கல்வியில் உள்ளவர்களின் அளவைக் காட்டுவது மொத்த மாணவர் சேர்க்கை விகிதம். 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி இது தமிழ்நாட்டில் 47.0, இந்தியாவில் 28.4, நாட்டின் பழங்குடியினருக்கு 21.2. மாநில சராசரியின் உயரத்தைக் கண்டு மனநிறைவு கொள்வது எளிது. சராசரிக்குள் மலைகள் மறைந்துவிடுகின்றன என்பதை நினைவில் கொள்வது கடினம்.

மலையின் மாணவர் எதிர்கொள்ளும் தடைகள் தேர்வறைக்கு வெகு முன்பே தொடங்குகின்றன. பழங்குடியினர் பட்டியலில் ‘மலையாளி’ என்ற பெயர் வட ஆற்காடு, தென்னாற்காடு, சேலம், தருமபுரி, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை ஆகிய மாவட்டங்களுக்கு மட்டும் உரியதாக வரையறுக்கப்பட்டிருப்பதால், பிழைப்புக்காக வேறு மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பம் தன் சமூகத்தையே மெய்ப்பிக்க வேண்டியுள்ளது. சாதிச் சான்றிதழை வருவாய்க் கோட்டாட்சியரே வழங்க வேண்டும் என்பதால், அதற்காகச் சமவெளிக்கு இறங்க வேண்டிய நாட்கள் கூலி இழப்பாக முடிகின்றன. அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் மலையில் முதல் தலைமுறைப் படிப்பாளிகளை உருவாக்கியுள்ளன. பள்ளியில் கிடைத்த உணவும் உறைவிடமும் கல்லூரியில் உறுதியாக இல்லாதபோது, பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிடுகிறது. 2022இல் தொடங்கப்பட்ட புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் உண்மையான உதவி. ஆனால் விடுதி இல்லாத ஊரில் அத்தொகை அறை வாடகைக்குக்கூடப் போதாது. தடைகளைக் கடந்தவர்களின் திறனில் ஐயமில்லை: ஜவ்வாது மலைப் பழங்குடிப் பெண் ஒருவர் உரிமையியல் நீதிபதிக்கான தேர்வில் வென்ற செய்தியை 2024இல் தமிழகமே கொண்டாடியது.

தாய்ப் பல்கலைக்கழகத்தின் இன்றைய நிலையும் கவலை தருகிறது. 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்த பிறகு, ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் இடையிலான நியமனப் பூசலில் அப்பதவி நீண்டகாலம் வெறுமையாகக் கிடந்தது. 2024 பிப்ரவரியில் வருமான வரித் துறை அதன் வங்கிக் கணக்குகளை முடக்கியது. அரசு மானியம் போதிய பங்கை எட்டாததால், பெரும்பகுதி அரசு நிதியில் இயங்கும் நிறுவனங்களுக்குரிய வரிவிலக்கு அதற்குப் பொருந்தாது என்பதே அத்துறையின் வாதம். பொதுப் பல்கலைக்கழகம் என்று பெயர் வைத்துக்கொண்டு, நிதியின் பெரும்பகுதியைத் தேர்வுக் கட்டணத்திலும் 1981இல் தொடங்கிய அஞ்சல்வழிக் கல்வியின் வருவாயிலும் தேடச் சொன்னால், அந்நிறுவனம் மீண்டும் தேர்வு நடத்தும் மன்றமாகவே சுருங்கும். ராமானுஜனுக்கு விதியைத் தளர்த்தும் துணிவும், தூசிக்கு மாணவர்களை அனுப்பும் பொறுமையும் கட்டணத்தை நம்பி வாழும் நிறுவனத்தில் நிலைக்க மாட்டா.

செய்ய வேண்டியவை

மலைக்கு மேலும் ஒரு புதிய பல்கலைக்கழகம் அறிவிப்பது தீர்வாகாது. இணைவிப்புப் பட்டியலில் இன்னொரு கல்லூரியைச் சேர்ப்பதும் தொடக்கமாக மட்டுமே அமையும். முதலாவதாக, வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய மூன்று நகரங்களிலும் மலை மாணவர்களுக்கு, குறிப்பாக மாணவிகளுக்கு, உணவுடன் கூடிய விடுதி இடம் பட்டப்படிப்பு முடியும்வரை உறுதிசெய்யப்பட வேண்டும். உண்டு உறைவிடப் பள்ளியின் தொடர்ச்சியாகவே அதைக் கருத வேண்டும். இரண்டாவதாக, சாதிச் சான்றிதழ் பள்ளி இறுதிக்கு முன்பே மலையிலேயே முகாமிட்டு வழங்கப்பட வேண்டும். மூன்றாவதாக, திருவள்ளுவர் பல்கலைக்கழகம் ஜமுனாமரத்தூரில் நிரந்தர ஆய்வு மையம் ஒன்றை நிறுவி, சாமைச் சாகுபடி, வன உரிமை, இடப்பெயர்வு, வாய்மொழி வரலாறு ஆகியவற்றில் மலையின் மாணவர்களையே உதவித்தொகையுடன் ஆய்வாளர்களாக்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் மானிடவியல், பொருளியல் துறைகள் அதற்கு வழிகாட்ட வேண்டும். இணைவிப்பு எல்லைக்குத்தான் சட்டம் கோடு போட்டுள்ளது. ஆய்வுக்கு அத்தகைய கோடு எதையும் அது போடவில்லை.

இவை அனைத்துக்கும் அடிப்படையாக, பொதுப் பல்கலைக்கழகங்களின் ஆய்வுச் செலவையும் ஆசிரியர் நியமனத்தையும் அரசு தன் கடமையாக மீண்டும் ஏற்க வேண்டும். 1839இல் 70,000 பேர் கையெழுத்திட்டுக் கேட்டது உயர்கல்வி. 1857இல் அரசு கொடுத்தது தேர்வு. அதை ஆய்வாகவும் கற்பித்தலாகவும் மாற்றச் சேப்பாக்கத்துக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. ஜமுனாமரத்தூரை இன்னோர் அரை நூற்றாண்டு காத்திருக்கச் சொல்ல எந்த அரசுக்கும் உரிமையில்லை. வரும் நிதிநிலை அறிக்கையிலேயே மலை மாணவர்களின் விடுதிகளுக்கும் ஆய்வு மையத்துக்கும் தனித் தலைப்பில் நிதி ஒதுக்கி, தமிழக அரசு இதைத் தொடங்க வேண்டும்.